முதல் மழையில் இறங்கும் மண்: புது வீட்டைச் சுற்றி நிரப்பிய இடம் பழுதானால் என்ன செய்வது?

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடு கட்டியவர்களில் பலர் பேஸ்மட்டத்தைத் தெருவிலிருந்து மூன்றடி, நான்கடி உயர்த்தியே கட்டினார்கள். சரியான முடிவுதான். ஆனால் வீடு உயர்ந்த அளவுக்குச் சுற்றியிருந்த நிலம் உயரவில்லை. கிரகப்பிரவேசத் தேதி நெருங்கும்போது அவசர அவசரமாக மண்ணைக் கொட்டி, ஜேசிபி வாளியால் நான்கு தட்டுத் தட்டிச் சமன் செய்து, மேலே பேவர் கல்லைப் பதித்துவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் அந்த மண் இறங்குகிறது. கார்த்திகையில் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

பல ஆண்டுகளாக இதே பழுதைத்தான் சரிசெய்து வருகிறேன். பெரும்பாலான வீடுகளில் மண்மீது குற்றமில்லை, போட்ட விதத்தில்தான் குற்றம். அதனால், இறங்கிய இடத்தில் இன்னொரு லோடு மண்ணைக் கொட்டி மூடுவதற்கு முன்னால் கீழே உள்ள அறிகுறிகளில் உங்கள் வீட்டில் எது தெரிகிறது என்று பாருங்கள். காரணம் தெரியாமல் மூடினால் அடுத்த மழையில் அதே இடம் மறுபடியும் இறங்கும். பணமும் இரண்டு முறை போகும்.

சோதனைக்கு வேண்டியவை: நான்கரை அடி நீளத்தில் 12 மி.மீ. கம்பி ஒன்று, கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய், இரு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும்), நூல், அளவு நாடா, கடப்பாரை, பென்சில்.

## சுவரை ஒட்டி ஒரு பட்டை மட்டும் இறங்கியிருக்கிறது

நான் அதிகம் பார்ப்பது இதுதான். வீட்டைச் சுற்றி இரண்டு மூன்று அடி அகலத்துக்கு மண் தாழ்ந்திருக்கும். அதைத் தாண்டினால் தரை நன்றாக இருக்கும். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நுழையும் அளவு வெடிப்பு இருக்கும்.

கம்பியைச் செங்குத்தாகப் பிடித்து, இரண்டு கைகளாலும் உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். சுத்தியல் வேண்டாம். மண் காய்ந்து மேல் ஓடு கட்டியிருந்தால் முதல் நாள் மாலையில் அந்த இடத்தில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, மறுநாள் காலையில் சோதியுங்கள். காய்ந்த களிமண் எவ்வளவு தளர்வாக இருந்தாலும் கல்லைப் போல ஏமாற்றும்.

கம்பி இரண்டு மூன்று அங்குலத்திலேயே நின்றுவிட்டால் மண் இறுகியிருக்கிறது. மேலே ஓடிய மழைநீர் மண்ணை அரித்திருக்கிறது, அவ்வளவுதான். அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

கம்பி ஓரடிக்குமேல் தடையில்லாமல் இறங்கினால், அஸ்திவாரக் குழியை மூடியபோது மண்ணை இறுக்கவில்லை என்று பொருள். அஸ்திவாரத்துக்குக் குழி எடுக்கும்போது வேலை செய்ய வசதியாக இரு பக்கமும் அகலமாக வெட்டுவார்கள். கட்டு வேலை முடிந்ததும் அந்த இடைவெளியில் கையில் கிடைத்ததையெல்லாம் தள்ளி மூடிவிடுவார்கள். நான்கடி ஆழத்துக்கு ஒரே மூச்சில் கொட்டிய மண் அது. மேலே எத்தனை முறை ரோலர் ஓட்டினாலும் அதன் இறுக்கம் சில அங்குலங்களுக்குக் கீழே போகாது.

கம்பி சில இடங்களில் இறங்கி, சில இடங்களில் நின்று, நடுவில் திடீரென்று ‘சரக்’கென்று வழுக்கிக்கொண்டு போனால் கீழே வெற்றிடம் இருக்கிறது. ஒரு வீட்டில் வாசற்படிக்குப் பக்கத்தில் இப்படி வழுக்கியது. மூன்றடி தோண்டியதும் கடப்பாரை நுனியில் ஒரு சிமென்ட் சாக்கு சிக்கிக்கொண்டு வந்தது. அடுத்தடுத்து பதினோரு சாக்குகள், சென்ட்ரிங் பலகைத் துண்டுகள், பாதி மக்கிய தென்னங்கட்டை ஒன்று. பலகைத் துண்டின் அடிப்பக்கத்தில் கரையான் வரி வரியாகப் புற்று கட்டியிருந்தது. வீட்டுக்காரர் அதுவரை வாசற்படி விரிசலைத்தான் நான்கு முறை பூசிக்கொண்டிருந்தார்.

இதற்கு மேலே மண் கொட்டுவது தீர்வாகாது. தளர்ந்த பட்டையைத் தோண்டி எடுத்துவிட்டு மறுபடியும் போட வேண்டும். ஒரே நாளில் ஒரு பக்கம் முழுவதையும் தோண்டாதீர்கள். ஆறு ஏழு அடி நீளம் தோண்டி, நிரப்பி, இறுக்கிவிட்டு அடுத்த துண்டுக்குப் போங்கள். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே ஒரு அங்குலம்கூடப் போகக்கூடாது.

எடுத்த மண்ணில் மரத்துண்டு, சாக்கு, வேர், பூச்சு உதிரல் எல்லாவற்றையும் பொறுக்கிவிடுங்கள். உடைந்த செங்கல்லும் கான்கிரீட்டும் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுக்கு உடைத்து, இடுக்குகளில் மண் புகும்படி கலந்திருந்தால் அடியில் கிடக்கலாம். பிறகு எட்டு அங்குலம் மண்ணைப் பரப்பி, ஆறு அங்குலமாகும் வரை இறுக்குங்கள். அதன்பின் அடுத்த அடுக்கு. கையால் திமிசு (மண்ணை இடிக்கும் கனமான கட்டை) போடுவதாக இருந்தால் ஒரு அடுக்கு நான்கு அங்குலத்துக்குமேல் வேண்டாம். வாடகைக்கு எந்திரம் எடுத்தால் கிராவலுக்கும் (சரளை கலந்த மண்) மணலுக்கும் தட்டு வடிவ அதிர்வு எந்திரம் போதும். களி கலந்த மண்ணுக்கு அது சரிவராது, குதித்துக் குதித்து இடிக்கும் ராம்மர்தான் வேண்டும். சுவருக்கு அருகே பெரிய அதிர்வு ரோலரைக் கொண்டுவர விடாதீர்கள்.

ஈரம்தான் பாதி வேலை. ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடியுங்கள். கொழுக்கட்டை மாதிரி விரல் தடம் பதிந்து நிற்க வேண்டும். இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டால் மூன்று நான்கு துண்டாக உடைய வேண்டும். பொடிப்பொடியாக உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். சப்பென்று தரையில் ஒட்டிக்கொண்டால் ஒரு நாள் வெயிலில் ஆற விடுங்கள்.

இங்கே ஒரு பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ‘மண்ணைக் கொட்டி ஹோஸ் வைத்துத் தண்ணீர் விட்டால் தானே இறங்கிவிடும்’ என்று மேஸ்திரிகள் சொல்வார்கள். மணலுக்கு அது பொருந்தும். தண்ணீர் அடியில் வடிய வழி இருந்தால் மணல் துகள்கள் நெருங்கி உட்காரும். களிமண்ணிலும் ஏரியிலிருந்து வெட்டி வரும் சவுட்டு மண்ணிலும் அதையே செய்தால் சேறுதான் மிஞ்சும். அந்தச் சேறு மாதக்கணக்கில் காய்ந்து, சுருங்கி, வெடிக்கும். நான் திறந்து பார்த்த மோசமான குழிகள் பலவற்றில் தண்ணீர் விட்டதுதான் காரணமாக இருந்தது. நல்ல எண்ணத்தோடு, தினமும் காலையில் ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்து விட்டிருக்கிறார்கள்.

## மழை விட்ட பிறகும் சுவரோரம் தண்ணீர் நிற்கிறது

முதலில் செலவில்லாத வேலை. மழை பெய்யும்போது குடையோடு வெளியே வந்து வீட்டை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மொட்டைமாடிக் குழாய் எங்கே கொட்டுகிறது? சன்ஷேடு நீர் எங்கே சொட்டுகிறது? குழாய் சுவரடியிலேயே கொட்டினால், அதை நீட்டி நான்கைந்து அடி தள்ளி விட்டாலே பாதி வீடுகளில் பழுது தீர்ந்துவிடும்.

மழைநீர் சேகரிப்புக் குழியையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் அது கட்டாயம், அவசியமும்கூட. ஆனால் இடமில்லை என்று அதைச் சுவரிலிருந்து இரண்டடியில் தோண்டிவிடுகிறார்கள். கூரை நீர் முழுவதும் அஸ்திவாரத்தடிக்கே போய்ச் சேருகிறது. முடிந்தவரை மனையின் மூலைக்கு, வீட்டைவிட்டுத் தள்ளி மாற்றுங்கள். களிமண் பூமியில் இதை ஒத்திப்போட வேண்டாம்.

அடுத்து, சரிவு. டியூப் மட்டத்தைச் சுவரில் ஒரு முனையும் மதிலோரம் ஒரு முனையுமாக வைத்து அளந்து பாருங்கள். வெறும் மண்ணாக இருந்தால் பத்தடிக்கு ஆறு அங்குலம் சரிவு வேண்டும். நம் மனைகளில் பக்கவாட்டில் ஐந்தடி இடம் கிடைப்பதே அரிது. ஐந்தடிக்கு மூன்று அங்குலம், மூன்றடிக்கு இரண்டு அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே கான்கிரீட் தளம் போட்டிருந்தால் பத்தடிக்கு இரண்டரை அங்குலம் போதும்.

சரிவு சரியாக இருந்தும் தண்ணீர் நின்றால் மதிலடியில் வெளியேறும் வழி அடைத்திருக்கும். அல்லது தெரு உங்கள் மனையைவிட உயர்ந்திருக்கும். பழைய தாரைச் சுரண்டாமலே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெருக்கள் உயர்ந்துகொண்டே போகின்றன. அப்படியானால் மனையை மேலும் நிரப்ப வேண்டும் என்று உடனே முடிவு செய்யாதீர்கள். நீங்கள் உயர்த்தினால் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில்தான் நிற்கும். முதலில் தெரு வடிகாலின் அடிமட்டத்தை அளந்து பாருங்கள். உங்கள் மனையின் தாழ்ந்த மூலையைவிட அது கீழே இருந்தால் ஒரு குழாயால் வேலை முடியும். மேலே இருந்தால் மட்டும் நிரப்புவதைப் பற்றி யோசியுங்கள்.

நிரப்புவதானால் கணக்கு இதோ. 1,200 சதுர அடிக்கு இரண்டடி உயரம் என்றால் 2,400 கன அடி, அதாவது 24 யூனிட். இறுகும்போது குறைவதையும் சேர்த்து 30 யூனிட் வாங்க வேண்டும். ‘இருபத்து நாலே போதும், சார்’ என்று யாராவது சொன்னால் இறுக்கப்போவதில்லை என்று அர்த்தம். லோடு வரும்போது நடைச்சீட்டை (மண் எங்கிருந்து எடுத்தது என்று காட்டும் அனுமதிச் சீட்டு) கேட்டு வாங்குங்கள். மண்ணையும் கையில் எடுத்து மோந்து பாருங்கள். சாக்கடை வாடையோ கறுப்பு வழவழப்போ இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

## இறுக்க இறுக்க மண் மெத்தைபோல் அசைகிறது

ரோலர் போகும்போது முன்னால் மண் அலையாக எழுந்து, போன பின் தாழும். கால் வைத்தால் பக்கத்தில் பொங்கும். மண்ணில் தண்ணீர் அதிகமாகிவிட்டது. எந்திரத்தை உடனே நிறுத்துங்கள். இன்னும் பத்து முறை ஓட்டினால் இறுகிவிடும் என்று எண்ண வேண்டாம், ஓட்ட ஓட்ட மோசமாகும்.

வெயில் காலமாக இருந்தால் மேல் எட்டு அங்குலத்தைக் கிளறிவிட்டு இரண்டு மூன்று நாள் காயவிட்டு, கொழுக்கட்டைச் சோதனை செய்துவிட்டு மறுபடியும் இறுக்குங்கள். காயவில்லையென்றால் அடியில் ஊற்று இருக்கிறதா, பக்கத்து மனையிலிருந்து கசிகிறதா என்று ஓரத்தில் இரண்டடிக் குழி எடுத்து ஒரு இரவு விட்டுப் பாருங்கள். காலையில் குழியில் நீர் ஊறி நின்றால் முதலில் அதை வடிக்க வழி செய்ய வேண்டும். ஊறவில்லையென்றால் சேறான அடுக்கை வாரி எடுத்துவிட்டு கிராவலோ குவாரித் தூளோ போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். பங்குனியிலிருந்து ஆடிக்குள் முடிப்பது நல்லது.

பழைய வயல், ஏரி உள்வாய், குளம் தூர்ந்த இடம் என்றால் அடியில் பல அடி ஆழத்துக்குச் சேறு இருக்கக்கூடும். அங்கே மேலே போடும் மண்ணின் எடையே கீழே உள்ளதை ஆண்டுக்கணக்கில் அமுக்கிக்கொண்டிருக்கும். நீங்கள் எவ்வளவு நன்றாக இறுக்கினாலும் மொத்தமாக இறங்கும். கம்பி முழு நீளமும் இறங்கினால் மண் பரிசோதனை செய்யும் பொறியாளரை அழையுங்கள்.

## ஒரே ஒரு இடத்தில் குழி விழுகிறது

மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அந்த இடம் ஈரமாகவே இருந்தால் குழாய்தான். மேல்தொட்டி நிரம்பியிருக்கும்போது எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு இரவு நீர்மட்டத்தைக் குறித்து வையுங்கள். காலையில் குறைந்திருந்தால் தண்ணீர்க் குழாயில் கசிவு. குறையவில்லையென்றால் கழிவுக் குழாயைச் சந்தேகியுங்கள். கழிப்பறையில் கொஞ்சம் நீலம் கரைத்து ஊற்றி, குழியில் நிறம் வருகிறதா என்று பாருங்கள். சுவரைவிட்டு வெளியே வரும் இடத்தில் மண் இறங்கும்போது குழாயும் சேர்ந்து வளைந்து இணைப்பு விட்டுப்போவது வழக்கம்.

மழையில் மட்டும் குழி விழுந்தால் சம்ப், செப்டிக் டேங்க் இவற்றின் ஓரமா என்று பாருங்கள். தொட்டியைச் சுற்றி நிரப்பும்போது நான்கு பக்கமும் சமமாக, ஒவ்வோர் அடுக்காக ஏற்ற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கொட்டினால் தொட்டிச் சுவர் நெளியும். மழைக்காலத்தில் தொட்டியைக் காலியாகவும் வைக்காதீர்கள். சுற்றி நீர் ஏறினால் வெறுந்தொட்டி, குறிப்பாக பிளாஸ்டிக் தொட்டி, மிதந்து மேலே எழும்.

குழி வட்டமாக, விளிம்பு செங்குத்தாக, மண் போடப் போட விழுங்கிக்கொண்டே இருந்தால் விலகி நில்லுங்கள். பழைய கிணறாக இருக்கலாம். தூர்த்த கிணற்றின்மேல் மனை போட்டு விற்றிருப்பார்கள். குழந்தைகள் நெருங்காதபடி கயிறு கட்டிவிட்டு, பொறியாளர் வரும்வரை அதில் எதையும் கொட்டாதீர்கள். யாரையும் இறங்கவும் விடாதீர்கள்.

## பேவர் கல் சாய்கிறது, போர்டிகோ தரை ‘டொக் டொக்’ என்கிறது

கார்ச் சக்கரம் போகும் இரண்டு தடங்களில் மட்டும் தாழ்ந்திருந்தால் கற்களை எடுத்துப் பாருங்கள். மணல் படுக்கை இரண்டு அங்குலத்துக்குமேல் இருந்தால் அதுதான் காரணம். பள்ளத்தை மணலாலேயே சமன் செய்திருப்பார்கள். மணலை வாரிவிட்டு, அடியில் கிராவல் போட்டு இறுக்கி, மேலே ஒன்றரை அங்குலம் மட்டும் மணல் போட்டு, அதே கற்களையே பதிக்கலாம். ஓரக்கல் இல்லாமல் பதித்திருந்தாலும் மணல் பக்கவாட்டில் நழுவும்.

போர்டிகோ தரையைச் சுத்தியல் பிடியால் தட்டும்போது வெற்றொலி வந்தால் டைல்ஸ் மட்டும் பெயர்ந்ததா, அடியில் மண்ணே இறங்கிவிட்டதா என்று பிரித்தறிய வேண்டும். ஒரு டைல்ஸைப் பெயர்த்துக் கான்கிரீட்டைத் தட்டுங்கள். அதுவும் வெற்றொலி கொடுத்தால் மண்தான். அந்த நிலையில் தளத்தை உடைத்து, அடுக்கடுக்காக நிரப்பித்தான் ஆக வேண்டும். துளை போட்டுச் சிமென்ட் பாலை ஊற்றுவதைச் சிலர் சொல்வார்கள். இறுகாத மண்ணில் அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. அதற்கு நான் உடன்படுவதில்லை.

இப்படி உடைத்து நிரப்பும் பெரிய வேலைகளுக்கு இறுக்கத்தை ஆய்வகம் மூலம் அளந்து வாங்குங்கள். இந்தியத் தர விதியான ஐ.எஸ். 2720 பகுதி 29-இல் உள்ள கோர் கட்டர் முறை (உருளையை மண்ணில் இறக்கி மாதிரி எடுப்பது) களி மண்ணுக்கு, பகுதி 28-இல் உள்ள மணல் மாற்று முறை (தோண்டிய குழியை மணலால் நிரப்பி அளப்பது) கிராவலுக்கு. ஆய்வகத்தில் கிடைத்த உச்ச உலர் அடர்த்தியில் (அதே மண்ணை அங்கே இடித்து இறுக்கிப் பெற்ற அதிகபட்ச அடர்த்தி) 95 விழுக்காடு வர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அளப்பார்கள் என்று தெரிந்தாலே வேலை திருந்துகிறது.

## நிரப்பிய பிறகு உள்சுவரில் உப்பும் ஈரமும்

வெளி மண்ணின் மேல்மட்டத்தையும் வீட்டின் உள்தரை மட்டத்தையும் அளந்து ஒப்பிடுங்கள். ஈரத்தடுப்புப் பூச்சு (பொதுவாக உள்தரை மட்டத்தை ஒட்டிப் பேஸ்மட்டத்தின் மேல் போடுவது) இருக்கும் மட்டத்துக்கு ஆறு அங்குலமாவது கீழே மண் நிற்க வேண்டும். அதைத் தாண்டி நிரப்பியிருந்தால் பெயின்ட்டும் புட்டியும் எத்தனை முறை அடித்தாலும் உதிரும். மண்ணை வெட்டிக் கீழிறக்குவதே மலிவான வழி. கரையானும் அதே வழியாகத்தான் ஏறுகிறது. நிரப்பு மண்ணைத் தோண்டிப் புரட்டியிருந்தால் கட்டும்போது அடித்த கரையான் மருந்துக்குப் பலன் இருக்காது, மறுபடியும் அடிக்க வேண்டும்.

## மதில் சுவர் வெளியே சாய்கிறது

இதில் பொறுமை கூடாது. மறைப்புக்காகக் கட்டிய ஒன்பது அங்குலச் செங்கல் மதில் நான்கடி மண்ணைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டதல்ல. மழையில் அந்த மண் நீரோடு சேர்ந்து தள்ளும். மதிலின் மேலிருந்து தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். அரை அங்குலத்துக்குள் இருந்து, கூடாமல் நின்றால் அடியில் மூன்று நான்கு அடிக்கு ஒரு கசிவுத் துளை போட்டு, உட்பக்கம் ஜல்லி வைத்து, நீரை வடியவிட்டுக் கவனிக்கலாம். ஒரு அங்குலத்தைத் தாண்டினாலோ, ஒவ்வொரு மழைக்கும் கூடினாலோ, நடுவில் கிடைமட்டமாக விரிசல் விட்டிருந்தாலோ மதிலோரம் நான்கடி அகலத்துக்கு மண்ணை வெட்டிப் பாரத்தைக் குறையுங்கள். மதிலுக்கு வெளிப்புறம் யாரும் நிற்காமலும் வண்டி நிறுத்தாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் அன்றைக்கே நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். பிறகு கட்டமைப்புப் பொறியாளரை வரவழைத்துத் தாங்கு சுவர் கட்ட வேண்டும். முட்டுச் செங்கல் தூண் நான்கு வைத்துச் சமாளிக்கலாம் என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

## வீட்டுச் சுவரிலேயே விரிசல்

பூச்சில் தலைமுடி அளவு ஓடும் விரிசல் பெரும்பாலும் பூச்சோடு முடியும். செங்கல் வரிசையில் படிப்படியாக ஏறும் விரிசல், மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் உள்ள விரிசல், சன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி வெளிச்சுவரிலும் தெரியும் விரிசல் ஆகியவை வேறு வகை. கூடவே கதவு, சன்னல் இறுகிப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டை இருமுனையிலும் சிமென்ட்டால் ஒட்டி, தேதியைப் பென்சிலால் எழுதுங்கள். கோயம்புத்தூர்ப் பக்கத்திலும் விருதுநகர், தூத்துக்குடிக் கரிசல் பூமியிலும் மண் மழையில் உப்பி வெயிலில் சுருங்குவதால், ஒரு மழைக்காலம் ஒரு கோடை என இரண்டையும் பார்த்தால்தான் விரிசல் வளர்கிறதா, திறந்து மூடுகிறதா என்று தெரியும். அங்கே சுவரோரம் கரிசலையே திருப்பி நிரப்பாதீர்கள். கிராவல் போட்டு, சுற்றிலும் மூன்றடிக்குக் குறையாமல் தளம் போட்டு, நீர் இறங்காமல் தடுங்கள்.

கண்ணாடி ஒரு மாதத்துக்குள் உடைந்தாலும், விரிசலில் ஐந்து ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழைந்தாலும் மண் வேலை எதுவும் செய்யாமல் கட்டமைப்புப் பொறியாளரை அழையுங்கள். அவர் வருமுன் அஸ்திவாரத்தருகே தோண்டவே கூடாது. அவரிடம் காட்ட மூன்று விவரம் தயாராக இருக்கட்டும்: விரிசலின் தேதியிட்ட புகைப்படங்கள், எங்கெங்கே கம்பி எவ்வளவு ஆழம் இறங்கியது என்று குறித்த ஒரு கைவரைபடம், மண் எந்த ஊர் ஏரியிலிருந்து எந்த மாதம் வந்தது என்ற தகவல். நான் போகும் வீடுகளில் மூன்றாவதுதான் கிடைப்பதில்லை. நடைச்சீட்டை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வைத்திருந்த ஒரே ஒருவர் வீட்டில், மண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்ததால் பொறியாளர் அரை நாளில் காரணத்தைச் சொல்லிவிட்டார்.